வெறுங்கூடை மேலே ஏறாது

தான் தின்னாத சாமானை "அருமையான ருசி" என்று முகம் கோணாமல் சொல்லி விற்பதுதான் உணவுக்கடை வேலை. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியின் ஒடுங்கிய சந்து ஒன்றில், சீஸும் உப்பிட்ட நெத்தலியும் ஊறவைத்த ஒலிவ்காயும் பதப்படுத்திய பன்றித் தொடையும் விற்கிற கடையில் நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று பட்ட பாடுகள் இவை. நின்று நின்று கால் வீங்கியவர்களும், "இதைவிட நல்லது இல்லையா" என்று கேட்கிறவரைப் பார்த்துச் சிரித்தே தாடை நொந்தவர்களும் உள்ளே வரலாம். மற்றவர்கள் வாசலில் நின்று வாசிக்கவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைக்கு வருவதற்கு முன் நான் வீடுகளில் வேலை செய்தேன். பின்கதவால் போய் பின்கதவால் வருகிற வேலை. வீட்டுக்காரர்கள் என் கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்துக் கதைப்பார்களே தவிர முகத்தைப் பார்த்தது கிடையாது. கவுண்டருக்கு வந்த பிறகுதான் சனம் என் முகத்தைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னது. சண்டை பிடித்ததும் முகத்தைப் பார்த்துத்தான். ஆகவே அந்தக் கவுண்டர் எனக்குப் பெரிய விஷயம். பிறகு, "இதுக்குப் போய் இவ்வளவு ஆட்டமா" என்று யாரும் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. இதில் வருகிற ஊர்க்காரர்கள் எல்லாரும் கதைத்தது சிசிலி இத்தாலியன். என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகித்தான் விழும். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆறிப்போன பாஸ்தா

கடைக்காரி சிஞ்ஞோரா கொன்சேத்தா. சிஞ்ஞோரா என்றால் அம்மணி. புருஷன் இல்லை, முழங்கால் இரண்டும் சரியில்லை, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு, நம் வழக்கப்படி "போட்டு வாறன்" என்பதை இத்தாலியனில் "வாதோ எ தோர்னோ" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வெறுமனே "போறன்" என்று ஒரு வாசலை விட்டு இறங்குகிற பழக்கம் நமக்கு இல்லையே. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வருவது செத்த வீட்டில் மட்டும்தான்.

ஒரேத்தோப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போய், சமைத்து, சாப்பிட்டுப் படுத்தேன். மறுநாள் விடியக் கடைக்குப் போனால் சிஞ்ஞோரா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இந்த ஊரில் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர் மூலைக்கடைக்குப் போய் சிகரெட் வாங்கிக்கொண்டு உடனே திரும்பி வருவார் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத சங்கதி. மனுசி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு கோப்பையில் சாப்பாடு போட்டு வைத்துக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டு எங்கை போனனீ? நான் பாத்துக்கொண்டிருக்க, பாஸ்தா ஆறிப்போச்சு."

ஏழு வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் மாடும் இல்லை, பன்றியும் இல்லை. வெள்ளிக்கிழமையில் மீனும் முட்டையும்கூட இல்லை. இப்படிப்பட்ட குடும்பப் பெண்ணிடம் வந்து, "இந்தத் தொடை இனிப்பா, உப்பா? அந்தத் தொடையைவிட இது எப்படி?" என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? நான் சொல்லுவேன், "போன கிழமை இதை வாங்கின ஆள் இண்டைக்கும் வந்தவர்." இது பொய் இல்லை. அவர் வந்தது சந்துக்குள் நிறுத்தின தன் மோட்டார் சைக்கிளை எடுக்க.

ஒருநாள் உண்மை வெளிவந்துவிட்டது. சங்கு மாதிரி மீசை வைத்த ஒரு வாடிக்கைக்காரர், சீவின துண்டொன்றைக் கத்தி நுனியில் குத்தி என் வாய்க்கு நேரே நீட்டி, "நீ முதல் சாப்பிடு, பேந்து நான் வாங்கிறன்" என்று நின்றார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். பழுதாய்ப்போன சாமானை விற்கிறோம் என்று அவர் கத்தத் தொடங்க, நான் விரதக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சிஞ்ஞோரா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"உனக்கு முந்தி நிண்டவன் விற்றதைவிடத் திண்டது கூட. நீ ஏழு நாளும் வெள்ளிக்கிழமை பிடி பிள்ளை."

நாலாம் மாடிக் கூடை

கடைக்கு நேர் மேலே நாலாம் மாடியில் அகத்தா இருந்தார். தனி ஆள். படி இறங்க முடியாது, ஆனால் கீழே சந்தில் யார் யாரோடு கதைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் நடக்காது. கயிறு கட்டின கூடையைப் பலகணியிலிருந்து இறக்கி, வேண்டியதைக் கத்திச் சொல்லுவார். நான் வெளியே வந்து கூடைக்குள் வைப்பேன், அவர் இழுத்துக்கொள்ளுவார். பின்னேரம் நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது வாசலில் நின்று மேலே பார்த்து, "வாதோ எ தோர்னோ" என்பேன். சிஞ்ஞோராவுக்கு அதன் அர்த்தத்தை விளங்கப்படுத்தியாயிற்று. அகத்தாவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. நாலு மாடிக்குக் கத்தி விளக்கவுரை சொல்ல என் தொண்டை இடம் கொடுக்காது. அவர், "போட்டு வா, நான் இஞ்சைதான்" என்பார்.

ஒருமுறை அவர் கேட்ட சாமான் கடையில் முடிந்துபோயிருந்தது. ஒருவர் அனுப்பின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நமக்குக் கிடையாதே. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கறி தந்தால், கிண்ணத்தைக் கழுவி ஒரு துண்டு கற்கண்டாவது போட்டுத்தானே கொடுப்போம். நான் கைநிறைய ஒலிவ்காயை அள்ளிப் போட்டு அனுப்பினேன். மறுநாளும் அகத்தா கடையில் இல்லாத ஒன்றைக் கேட்டார். ஒலிவ்காய் போனது. அடுத்த நாள் வீட்டுக்குப் பூசுகிற வெள்ளை மை கேட்டார். அதற்கும் ஒலிவ்காய் போனது. மனுசிக்குக் கணக்கு நன்றாக விளங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கக் கொஞ்சம் காலம் எடுத்தது. ஒரு விடியற்காலை கூடை இறங்க முன்னமே குரல் இறங்கியது.

"பிள்ளை, இண்டைக்கு உங்களிட்டை இல்லாதது என்ன?"

மிலானோவிலிருந்து வந்த சிசிலி

சிஞ்ஞோராவின் மகன் சால்வோ வடக்கே மிலானோ நகரில் விளம்பர வேலை செய்து, அது சரிவராமல் திரும்பி வந்தார். வரும்போது ஒரு சொல்லையும் கொண்டு வந்தார்: "அசல்". துறைமுகத்தில் பெரிய கப்பல்களில் வந்து இறங்குகிற உல்லாசப் பயணிகளை, குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டி ஒருத்தி பாண் கடை, இனிப்புக் கடை, எங்கள் கடை என்று சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு திரிவாள். அவர்களுக்கு அசல் சிசிலி காட்ட வேண்டுமாம். பிளாஸ்டிக் வாளிகள் போய் மரப்பீப்பாய்கள் வந்தன. பழைய காலத்துப் பீப்பாய்கள். இன்டர்நெட்டில் ஓடர் கொடுத்து, பெட்டியோடு வந்த பழைய காலம்.

கடைசியாகச் சால்வோவின் பார்வை என்னில் விழுந்தது. "வசந்தி, நீ நல்லா வேலை செய்யிறனீ. ஆனால் அவையள் கப்பலேறி வாறது சிசிலியைப் பாக்க" என்றார். பீப்பாய்களைப் போல என்னை மாற்றி ஓடர் கொடுக்க முடியாதபடியால், கவுண்டருக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை தொங்கியது. குழு வரும்போது நான் திரைக்குள். சால்வோ முன்னால் நின்று, செருப்புத்தோல் தடிப்பில் பன்றித் தொடை சீவுவார். சிஞ்ஞோராவுக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் தொலைந்துபோய்த் திரும்பின ஒரே மகன். என்ன சொல்லுவார்?

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? மீண்டும் பின்கதவுக்குப் போனது போல இருந்தது. நெத்தலித் தகரங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் இருந்து கண்ணைத் துடைத்தேன். வெங்காயம் என்று சொல்ல அங்கே வெங்காயமும் இல்லை.

அப்படி இருந்த ஒருநாள் என் மனுசன் போன் எடுத்தார். அவருக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார். என் போன் நாதஸ்வரமும் தவிலுமாக முழங்கக்கூடியது. திரைக்குப் பின்னால் கெட்டிமேளம் கொட்ட, முன்னால் பேச்சு நின்றது. சால்வோ ஒரு நொடியும் தடுமாறாமல், அது மலைக்கிராமங்களின் பழைய கல்யாண வாத்தியம் என்று விளக்கம் கொடுத்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண் கலங்கிவிட்டார்.

"இதன்ரை சீடி எந்தக் கடையிலை வாங்கலாம்?"

உளவு

மற்றக் கடைக்காரர்கள் பயணிகளை எப்படி மயக்குகிறார்கள் என்று பார்த்து வரும்படி சால்வோ என்னை அனுப்பினார். திரைக்குள் இருப்பதைவிட இது மேல் என்று வெளிக்கிட்டேன். கையால் பிசைந்த பாஸ்தா விற்கிற கடையில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிசிலிக்காரி மாவைத் தொட்டுத் தொட்டுப் போட்டோவுக்கு நின்றாள். உள்ளே, கதவுக்குப் பின்னால், மட்டக்களப்புக்காரர் ஒருவர் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார். பொரித்த பண்டம் விற்கிற கடையிலும் அதே கதை. முன்னால் மீசை, பின்னால் எங்கள் ஆள்.

கடைசியாக, வாதுமைப் பருப்பு மாவில் பழங்கள் போலச் செய்து நிறம் தீட்டி விற்கிற இனிப்புக் கடை. எலுமிச்சம்பழம் மரத்தில் பறித்தது போல இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், வன்னியிலிருந்து வந்த சாந்தினி என்ற பிள்ளை தூரிகையும் கையுமாக இருக்கிறாள். என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் போய்ச் சால்வோவிடம், "எல்லாக் கடையிலையும் அசல் இருக்கு, திரைக்குப் பின்னாலை இருக்கு" என்று அறிக்கை கொடுத்தேன். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார். எனக்கு இன்னும் காதில் நிற்பது சாந்தினி சொன்னதுதான்.

"நான் தீட்டின எலுமிச்சம்பழத்தை அவையள் தங்கடை சாமிப் படத்துக்கு முன்னாலை வைக்கினம் அக்கா. ஒரு மாம்பழம் செய்யட்டோ எண்டு கேட்டன். அது அசல் இல்லையாம்."

பாலோடு கதைக்க முடியாது

ஒரு குழுவோடு சென்னைக்காரத் தம்பதி ஒன்று வந்தது. எனக்கு எப்படித் தெரியும்? திரைக்கு அப்பால் ஒரு பெண் குரல் கெஞ்சியது: "ஏங்க, பசி தாங்கல. இந்த ஊர்ல எதுல எது இருக்குன்னே தெரியல." பசி என்று தமிழில் ஒருத்தி சொல்ல, நான் நெத்தலித் தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? திரையை விலக்கித் தலையை நீட்டி, "என்ன சாப்பிடுவியள்?" என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர்கள் சுத்த சைவமாம். நான் பெருமையோடு ஆட்டுப்பால் சீஸான பெக்கொரினோவில் ஒரு துண்டை வெட்டி நீட்டி, "பயப்பிடாமல் சாப்பிடுங்கோ, நான் வெள்ளிக்கிழமை விரதத்துக்கே இதைத்தான் சாப்பிடுறனான்" என்றேன்.

அந்த அம்மா வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "பாலை உறைய வைக்க இதுல ஏதோ சேர்ப்பாங்களாமே, அது என்னன்னு கேளுங்களேன்." நான் சிஞ்ஞோராவைக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆட்டுக்குட்டியின்ரை வயித்துக்குள்ளாலை எடுக்கிறது. அது போடாமல் பால் எப்பிடி உறையும்? நான் பாலோடை கதைச்சோ உறைய வைக்கிறது?" நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க, சென்னை அம்மா சீஸை மெல்லக் கீழே வைத்தார். என் தலைக்குள் இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகளும் வரிசையாக வந்து நின்று "மே" என்று கத்தின. அவர்களுக்குப் பாணும் ஒலிவ்காயும் கொடுத்து அனுப்பினேன். இவ்வளவு நேரமும் முழுக்குழுவும் சால்வோவை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்துக்கொண்டு நின்றது.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது, என் மனுசன் சாப்பிட்ட கையாலேயே வெள்ளிக்கிழமைகளை விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப இவ்வளவு காலமும் வெள்ளிக்கிழமையிலை நீர் ஆடு திண்டிருக்கிறீர். எனக்கு மட்டும் பூசணிக்காய் தந்தனீர்."

கோபமாக வெளியேறிய விதம்

அடுத்த நாள் சிஞ்ஞோரா முழங்காலுக்கு டொக்டரிடம் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சால்வோ என்னைக் கூப்பிட்டார். "இனி நீ முன்னுக்கு வரவே வேண்டாம். விடிய வந்து பின்னாலை கழுவிப்போட்டு, குழு வர முன்னம் வீட்டை போ." நான் அவரைப் பார்த்தேன். அவர் பீப்பாயைப் பார்த்தார். முகத்தைப் பார்க்காமல் கதைக்கிற ஆட்களை எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். அவர்களுடைய வீடுகளைத்தான் நான் முன்பு துடைத்தேன்.

இப்படி ஒரு நாள் வருமென்று நல்ல வசனங்கள் சில மனதில் எழுதி வைத்திருந்தேன். இத்தாலியனில் திட்டுகிறதற்குத் தேவையானவை எல்லாம் கைவசம் இருந்தன. ஏப்ரனைக் கழற்றினேன். மடித்துக் கவுண்டரில் வைத்தேன். நிமிர்ந்து வாசல்வரை நடந்தேன். திரும்பி நின்று வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், வந்தது ஒன்றுதான்: "வாதோ எ தோர்னோ." மேலே பலகணியிலிருந்து அகத்தா வழக்கம்போல, "போட்டு வா, நான் இஞ்சைதான்" என்றார். அதற்குமேல் எந்த முகத்தோடு திட்டுவது? அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகைதான் வந்தது. அந்தக் கவுண்டர் இனி எனக்கு இல்லை. என் மனுசன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"ரோசத்தோடை வேலையை விட்டெறிஞ்சுபோட்டு, போட்டு வாறன் எண்டு சொல்லிக்கொண்டு வந்த ஆள் உலகத்திலை நீர் ஒராள்தான்."

தொங்கின கூடை

பிறகு நடந்ததைச் சிஞ்ஞோரா சொல்லித்தான் அறிந்தேன். மறுநாள் அகத்தா கூடையை இறக்கிக் கடையில் இல்லாத ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறார். சால்வோ, "அது இல்லை" என்று சொல்லி வெறுங்கூடையை மேலே போகவிட்டார். போன கூடை அதே வேகத்தில் திரும்பி வந்து, கடை வாசலுக்கு நேரே, ஆள் முகம் படுகிற உயரத்தில் நின்றது. அகத்தா கயிற்றைப் பலகணிக் கம்பியில் கட்டிவிட்டார். உள்ளே போகிறவர் எல்லாரும் கூடையில் முட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவிழ்க்கச் சொல்லிச் சால்வோ கத்த, அவர் பலகணிக் கதவைச் சாத்தினார். செருப்புத்தோல் தடிப்புச் சீவலால் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்த சந்துச் சனம், கூடையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனது.

பயணிகளுக்கு மட்டும் கொண்டாட்டம். மரப்பீப்பாயை விட்டுவிட்டுக் கூடையைப் படம் எடுத்தார்கள். கூடை ஏன் வெறுமையாகத் தொங்குகிறது என்று வழிகாட்டி மேலே பார்த்துக் கேட்டாள். கதவு திறந்தது. அகத்தா முழுச் சந்துக்கும் பதில் சொன்னார்: "இதை நிரப்பிறவள் திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். நான் காதாலை கேட்டனான். வரட்டும், தொங்கும்." அவள் யார், எங்கே என்று குழு முழுவதும் சால்வோவைப் பார்த்தது. அவர் மலைக்கிராமம் எதையாவது தேடுவதுபோலப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். கதிரையில் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்த சிஞ்ஞோரா, சட்டென்று எழும்பிப் போனை எடுத்தார். கடை தன்னுடையது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. இத்தாலியன் ஹலோவான "புரொந்தோ"வை நான் சொல்லி முடிக்கவில்லை.

"என்ன, திரும்பி வாறன் எண்டு போனனீ. கெதியா வா, பாஸ்தா ஆறுது."

இல்லாத சாமான்

போனேன். கொஞ்சம் பிகு பண்ண நினைத்ததுதான், பஸ் உடனே வந்துவிட்டது. கவுண்டரில் நான் மடித்து வைத்த ஏப்ரன் வைத்தபடியே இருந்தது. திரை இல்லை. அது நாலு துண்டாகிச் சீஸ் தட்டுகளைத் துடைக்கிற துணியாகியிருந்தது. ஒரு துண்டைச் சிஞ்ஞோரா மகனின் கையிலேயே கொடுத்திருந்தார். சால்வோ பீப்பாயைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்து, "காலை வணக்கம், வசந்தி" என்றார். அவ்வளவே எனக்குக் காணும்.

வெளியே கூடை அசைந்தது. ஓடிப்போய் மேலே பார்த்தேன். அகத்தா வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். இன்றைக்குக் கடையில் இல்லாதது என்ன என்று. "திரை" என்று நாலு மாடிக்கும் கேட்கக் கத்தினேன். மனுசி கம்பியில் சாய்ந்து கூடையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"அப்ப இண்டைக்கு ஒலிவ்காய் கொஞ்சம் கூடப் போடு."

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கோபித்துக்கொண்டு போனாலும் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள், நாலாம் மாடியில் யாருக்காவது காது கேட்கும்.